மலை எல்லாருக்கும்தான்: உங்க காலுக்கு ஏத்த தடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நம்ம புதுச்சேரியில் கடல் இருக்கு, ஏரி இருக்கு, ஆறு இருக்கு. மலை மட்டும் கிடையாது. நமக்குத் தெரிந்த மேடு கோரிமேடுதான்! அதனாலோ என்னவோ, மூணு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் போதும், "எங்கேயாவது மலைக்குப் போலாமா?" என்ற பேச்சு சாரத்திலும் லாஸ்பேட்டையிலும் வீட்டுக்கு வீடு ஆரம்பிச்சிடும்.

அந்தப் பேச்சில் ரெண்டு தவறு அடிக்கடி நடக்குது. ஒண்ணு, "பாட்டிக்கு முட்டி வலி, அவங்க வீட்லயே இருக்கட்டும்" என்று ஒருவரை முதலிலேயே கழித்துவிடுவது. இன்னொண்ணு, "நமக்கென்ன, இளவட்டம்தானே" என்று எந்தத் தயாரிப்பும் அனுமதியும் இல்லாமல் காட்டுக்குள் இறங்கிவிடுவது. முதல் தவறில் ஒருவருக்கு நல்ல அனுபவம் போகிறது. இரண்டாவது தவறில் உயிரே போகலாம்.

மலை நடை என்றால் உச்சியைத் தொட்டே ஆகணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சமதளத்தில் மலையைச் சுற்றி நடப்பதும் மலை நடைதான். நம்ம ஊரிலிருந்து போய்வரக்கூடிய தடங்கள் எவை, யாருக்கு எது ஏற்றது, அனுமதியைக் கைபேசியில் எப்படி வாங்குவது, எப்போது போகக்கூடாது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உங்க அளவைத் தெரிஞ்சுக்கோங்க

ஒரு தடம் சுலபமா, சிரமமா என்பதை அதன் நீளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீங்க. மூணு விஷயத்தைச் சேர்த்துப் பாருங்க: எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் ஏறணும், தரை எப்படி (தார்ச்சாலையா, படிக்கட்டா, மண்ணா, வழுக்குப் பாறையா).

இதற்கு 1892-ல் ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன ஒரு எளிய கணக்கு இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுது. சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உதாரணமாக 3 கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்றால், நடைக்கு 36 நிமிடம், ஏற்றத்துக்கு 30 நிமிடம், மொத்தம் 66 நிமிடம். ஆனால் இது பழக்கப்பட்ட, திடமான ஆளுக்கான கணக்கு. அதுவும் குளிர்நாட்டுக் கணக்கு. குடும்பத்தோடு, நம்ம வெயிலில் போகிறவர்கள் இதை இரண்டால் பெருக்கிக்கொள்வது நல்லது.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னாடி வீட்டுப் பக்கத்திலேயே இரண்டு சோதனை செய்து பாருங்க.

• நடை சோதனை: கடற்கரைச் சாலை சுமார் ஒன்றரை கிலோமீட்டர். ஒருமுறை போய்த் திரும்பினால் 3 கிலோமீட்டர். உட்காராமல் இரண்டு முறை போய்வர முடிந்தால், சுலபமான தடங்கள் உங்களுக்குச் சிரமம் தராது.

• படி சோதனை: ஒரு மாடி என்பது சுமார் 3 மீட்டர் உயரம். நாலு மாடிக் கட்டடத்தில் தரையிலிருந்து மேல்மாடி வரை ஒருமுறை ஏறினால் சுமார் 12 மீட்டர். செஞ்சி ராஜகிரிக் கோட்டையின் உயரம் சுமார் 240 மீட்டர். அப்படின்னா அந்தக் கட்டடத்தை இருபது முறை ஏறுவதற்குச் சமம்! ஐந்து முறை ஏறி இறங்கிய பிறகு மூச்சு வாங்காமல் பேச முடியுதா என்று பாருங்க. நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், இடது தோளில் வலி மாதிரி ஏதாவது தெரிந்தால், மலைத் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்க.

முட்டி வலி உள்ளவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. ஏறும்போது மூச்சுதான் வாங்கும்; முட்டியை வாட்டுவது இறக்கம். அதனால் "ஏறிட்டேன், இனிமே ஈஸி" என்று நினைக்காதீங்க. இறங்குவதற்கும் தெம்பை மிச்சம் வையுங்க.

ஒரே இடத்தில் மூணு தடம்: செஞ்சி

எல்லா வயதினரும் சேர்ந்து போகக்கூடிய, நமக்கு மிக அருகில் உள்ள இடம் செஞ்சிக் கோட்டைதான். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர். நேரடிப் பேருந்து கிடைக்கவில்லை என்றால் திண்டிவனத்தில் மாறிக்கலாம். செஞ்சி பேருந்து நிலையத்திலிருந்து திருவண்ணாமலை சாலையில் கொஞ்ச தூரத்திலேயே கோட்டை.

இந்தக் கோட்டைக்கும் நம்ம ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1677-ல் சிவாஜி கைப்பற்றிய இந்தக் கோட்டை, அவர் மகன் ராஜாராம் காலத்தில் முகலாயப் படையின் நீண்ட முற்றுகையை 1698 வரை தாங்கி நின்றது. 1750-ல் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை இதைப் பிடித்தது. 1761-ல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது செஞ்சியும் கைமாறியது. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் சிற்பத் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்றே சொல்லப்படுகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராத்தியக் கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிராவில் உள்ளன. தமிழ்நாட்டில் உள்ள ஒரே கோட்டை செஞ்சிதான்.

இங்கே உங்க அளவுக்கு ஏற்ப மூணு வழி இருக்கு.

1. ஏற முடியாதவர்களுக்கு: ராஜகிரி அடிவாரமே ஒரு முழு நாள் பார்க்கும் அளவுக்கு விஷயம் உள்ள இடம். பல அடுக்குக் கல்யாண மகால், பெரிய தானியக் களஞ்சியம், யானைக்குளம், சாதத்துல்லா கான் மசூதி, வெங்கடரமணர் கோயில் எல்லாம் கீழேயே உள்ளன. தரை பெரும்பாலும் சமம். ஆனால் சில வாசல்களில் கல் படிகள் உண்டு. சக்கர நாற்காலியில் வருபவர்கள் துணைக்கு இரண்டு பேரை அழைத்து வருவது நல்லது.

2. ஓரளவு நடப்பவர்களுக்கு: சாலையின் மறுபக்கம் உள்ள கிருஷ்ணகிரி. ராணிக்கோட்டை என்றும் சொல்வாங்க. உயரம் குறைவு, படிகள் சீராக இருக்கும். மேலே மண்டபங்களில் காற்று அள்ளிக்கொண்டு போகும்.

3. திடமானவர்களுக்கு: ராஜகிரி உச்சி. நெட்டுக்குத்தான படிகள். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இயற்கையான ஆழமான பிளவு ஒன்று பாறையில் உண்டு. அதன்மேல் உள்ள பாலத்தைக் கடந்துதான் கோட்டையின் தலைப்பகுதிக்குப் போக முடியும். எதிரிப்படை ஏன் இதைப் பிடிக்கத் திணறியது என்பது அந்த இடத்தில் நின்றால் புரியும்.

கோட்டை திறந்தவுடன் உள்ளே போயிடுங்க. மதியத்துக்குப் பிறகு ராஜகிரி உச்சிக்கு ஏற அனுமதிப்பதை நிறுத்திவிடுவார்கள். மேலே கடை கிடையாது; ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம். குரங்குகள் அதிகம் என்பதால் தின்பண்டத்தைக் கையில் பிடித்தபடி நடக்காதீங்க. பிளாஸ்டிக் கவர் சத்தம் கேட்டாலே வந்துடும்!

சமதளத்தில் ஒரு மலை நடை: திருவண்ணாமலை

பக்தியோடு போனாலும் சரி, நடைக்காகப் போனாலும் சரி, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நம்ம பகுதியின் மிக நல்ல நடைத்தடங்களில் ஒன்று. தார்ச்சாலை, நடைபாதை, வழியெங்கும் கடை, குடிநீர். பாதி தூரத்தில் கால் வலித்தால் ஆட்டோ பிடித்து வந்துவிடலாம். கடற்கரைச் சாலையை ஐந்து முறை போய்வந்தால் கிட்டத்தட்ட அதே தூரம். கூட்டம் வேண்டாம் என்பவர்கள் பௌர்ணமியைத் தவிர்த்து, சாதாரண நாளில் விடியற்காலை 4 மணிக்கு ஆரம்பிச்சா வெயிலுக்கு முன் முடிச்சிடலாம். வெறுங்காலில் நடப்பவர்கள் முற்பகலுக்குப் பிறகு தார் சுடும் என்பதை மனதில் வையுங்க.

மலை மேல் ஏறுவது வேறு விஷயம். 2024 நவம்பர் 30 இரவு நம்ம ஊரில் 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிய ஃபெஞ்சல் புயலை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதே புயல் மழையில், அடுத்த நாள் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து, அடிவாரத்தில் ஒரு வீட்டில் இருந்த ஏழு பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அந்த ஆண்டு தீபத் திருநாளன்று பக்தர்கள் மலை ஏற அனுமதிக்கப்படவில்லை. "போன வருஷம் ஏறினோமே" என்ற பழைய கணக்கு மலையிடம் செல்லாது. ஊறிய மண் எப்போது நகரும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் அனுமதிக்காத நாளில் ஏறாதீங்க.

அடுத்த படி: ஏலகிரி, கொல்லிமலை

வார இறுதியில் ஒரு இரவு தங்கிவர முடிந்தால் இந்த இரண்டும் நல்ல தேர்வு.

ஏலகிரி: திருப்பத்தூர் மாவட்டம். 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி வெப்பம் குறையும் என்பதால், கடல் மட்டத்தில் 36 டிகிரி என்றால் மேலே சுமார் 29 டிகிரிதான். ஏரிக்கரையும் பூங்காவும் பெரியவர்களுக்குப் போதும். நடப்பவர்களுக்குச் சுவாமிமலை உச்சிக்குக் காட்டுப்பாதை உண்டு; இது அனுமதி பெற்றுப் போகவேண்டிய தடம். அது பற்றிக் கீழே சொல்லியிருக்கோம்.

கொல்லிமலை: நாமக்கல் மாவட்டம். 70 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்கள் முன் சீட்டில் உட்கார்ந்து, தூரத்தைப் பார்த்துக்கொண்டே வருவது உதவும். இங்குள்ள ஆகாயகங்கை அருவியில் ஒரு பொறி இருக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கித்தான் அருவிக்குப் போகணும். தெம்பாக இருக்கும்போது இறக்கம், குளித்துக் களைத்த பிறகு ஏற்றம்! சாதாரண மலையில் முடியாவிட்டால் பாதியில் திரும்பலாம். இங்கே திரும்புவதுதான் சிரமமே. இதயப் பிரச்சினை, ஆஸ்துமா உள்ளவர்கள் மேலேயுள்ள அறப்பளீஸ்வரர் கோயிலோடு நிறுத்திக்கொண்டால் நல்லது.

நடக்கவே முடியாதவர்களுக்கு

"எனக்கு முடியாதுப்பா" என்று ஒதுங்கும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கும் வழி உண்டு.

• சோளிங்கர் யோக நரசிம்மர் மலை: 1,305 படிகள். 2024 மார்ச்சில் ரோப் கார் வந்த பிறகு படி ஏறாமலே மேலே போக முடியுது.

• பழனி: விஞ்ச், ரோப் கார் இரண்டும் உண்டு. பராமரிப்புக்காக அவ்வப்போது நிறுத்துவார்கள். கிளம்பும் முன் கோயில் அறிவிப்பைப் பார்த்துக்கோங்க.

• குளித்தலை அய்யர்மலை: ஆயிரத்துக்கும் அதிகமான படிகள். இங்கும் 2024 ஜூலையில் ரோப் கார் தொடங்கப்பட்டது.

• கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்: சுமார் ஒரு கிலோமீட்டர், தளம் போட்ட நடைபாதை. மலை விளிம்பை ஒட்டியே போகும். கொஞ்சம் சரிவு இருப்பதால் சக்கர நாற்காலியைப் பின்னால் பிடித்துக்கொள்ள ஆள் வேணும்.

• நீலகிரி மலை ரயில்: மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சன்னல் ஓரம் உட்கார்ந்தபடியே காடு, அருவி, சுரங்கம் எல்லாம் பார்க்கலாம். ஐ.ஆர்.சி.டி.சி. செயலியில் முன்பதிவு செய்யணும். சீசனில் சீக்கிரம் தீர்ந்துடும்.

மாற்றுத்திறனாளியோடு போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்க: தங்கும் இடத்துக்கு முன்கூட்டியே போன் போட்டு, "வாசல்ல எத்தனை படி? கழிவறைக் கதவு எவ்வளவு அகலம்?" என்று கேளுங்க. "வசதி இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். எண்ணிக்கையைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

காட்டுக்குள் போவதற்கு அனுமதி ஏன்?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேற வந்த குழுக்கள் சரிவில் மாட்டிக்கொண்டன. காய்ந்த புல், பலத்த காற்று. தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதரால் ஓட முடியாது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்கள் போனது அனுமதி பெறாத பாதை. அனுமதி பெற்ற பாதை என்றால், யார் எங்கே இருக்கிறார்கள் என்று வனத்துறைக்குத் தெரியும். தீ அபாயம் இருந்தால் கீழேயே தடுத்திருப்பார்கள்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகள் தமிழ்நாட்டில் வந்தன. பின்னர் 2024 அக்டோபர் 24 அன்று ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள். சுலபம், மிதமானது, கடினம் என்று மூணு பிரிவு. ஒவ்வொரு குழுவோடும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் வருவார்கள். இவர்கள் பெரும்பாலும் அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடி இளைஞர்கள், காட்டை ஒட்டிய கிராமத்தினர். எந்தப் புதரில் கரடி நடமாட்டம், எந்த ஓடை மழையில் பெருகும் என்பது அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். நீங்க கட்டும் கட்டணம் அவர்கள் வீட்டுக்கும் வருமானம்.

புதுச்சேரி ஆட்களும் இதில் தாராளமாகப் பதிவு செய்யலாம். சில தடங்கள்:

• கூடியம் குகைகள் (திருவள்ளூர்): பூண்டி அருகே. பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்த இயற்கைக் குகைகள். நமக்கு அதிகத் தூரம் இல்லை. உயரம் குறைவு என்பதால் முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்றது, வெயில்தான் எதிரி.

• லாங்வுட் சோலை (கோத்தகிரி): 116 ஹெக்டேர் சோலைக்காடு. 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கோத்தகிரி சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குத் தண்ணீர் தரும் காடு இது. நிழலில், மெதுவாக, பறவை பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

• கெய்ர்ன் ஹில் (ஊட்டி): ஊட்டியிலிருந்து மிக அருகில். சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே சிறிய நடை. குழந்தைகளோடு போகலாம்.

• ஏலகிரி – சுவாமிமலை (திருப்பத்தூர்): கொஞ்சம் ஏற்றம் பழக நினைப்பவர்களுக்கு.

• வெள்ளியங்கிரி (கோவை): ஏழு மலை. பழக்கம் இல்லாதவர்கள் நேராக இங்கே போகாதீங்க. 2024-ல் யாத்திரைக் காலத்தில் பக்தர்கள் பலர் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் இறந்தார்கள். வயதானவர்களும் இதய, சுவாசப் பிரச்சினை உள்ளவர்களும் ஏற வேண்டாம் என்று வனத்துறையே கேட்டுக்கொண்டது.

கைபேசியில் முன்பதிவு: படிப்படியாக

1. தேடுபொறியில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று தேடி, தமிழ்நாடு அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தைத் திறங்க. முகவரியைச் சரிபார்த்த பிறகுதான் பணம் கட்டணும். வாட்ஸ்அப்பில் வரும் லிங்கை அழுத்தாதீங்க.

2. மாவட்டம் அல்லது சிரம அளவை வைத்துத் தடத்தைத் தேர்வு செய்யுங்க. தூரம், நேரம், கட்டணம், கூடவேண்டிய இடம் எல்லாம் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

3. கைபேசி எண்ணை ஓ.டி.பி. மூலம் உறுதி செய்து, வருகிறவர்கள் பெயர், வயது, அடையாள அட்டை விவரம் கொடுங்க. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் தேவை.

4. உடல்நிலை குறித்த கேள்விகளுக்கு உண்மையான பதில் கொடுங்க. சர்க்கரை, பிபி, ஆஸ்துமா இருந்தால் மறைக்காதீங்க. வழிகாட்டிக்குத் தெரிந்தால்தான் உதவ முடியும்.

5. யு.பி.ஐ. அல்லது அட்டை மூலம் கட்டணம் கட்டி, உறுதிச்சீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க. ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைப் பணம் கட்டும் முன்னாடியே படிங்க.

காட்டுத்தீக் காலத்தில் தடங்கள் மூடப்படும். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தன. அந்த மாதங்களில் "நாங்க கூட்டிட்டுப் போறோம், பர்மிஷன் எல்லாம் பாத்துக்கலாம்" என்று யாராவது இன்ஸ்டாகிராமில் ஆள் சேர்த்தால், அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்க. காட்ட முடியாதவர்களோடு போகாதீங்க.

ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேணும். நம்ம பி.ஒய். பதிவு வண்டிக்கும் இது பொருந்தும். 2025 கோடைக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000.

தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் இ-பாஸ் இணையதளத்தில் கைபேசி எண், வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்கல் என்ற விவரங்களைக் கொடுத்தால் கியூ.ஆர். குறியீட்டோடு பாஸ் வரும். கட்டணம் கிடையாது. "எடுத்துத் தர்றேன்" என்று காசு கேட்டால் கொடுக்காதீங்க. அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸே தேவையில்லை. மலைச்சாலையில் ஓட்டும் கவலையும் இல்லை.

போனில் இருக்க வேண்டியவை

• டிஜிலாக்கர்: ஆதார், ஓட்டுநர் உரிமம். மலையில் சிக்னல் இருக்காது. முன்னாடியே இறக்கி வையுங்க.

• வானிலை: இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ‘மௌசம்’, தமிழ்நாடு அரசின் ‘டிஎன் அலர்ட்’, இடி மின்னலுக்கு ‘தாமினி’. சிவப்பு, ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்க.

• ஆஃப்லைன் வரைபடம்: போகும் பகுதியை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கோங்க.

• அவசர எண்: 112, 108. உங்க சிம் கம்பெனிக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் வேறு கம்பெனி சிக்னல் இருந்தால் 112 அழைப்பு போகும். அதனால் ஒருமுறை முயற்சி பண்ணிப் பாருங்க.

• வீட்டில் ஒருவருக்குத் தடத்தின் பெயர், திரும்பும் நேரம், வழிகாட்டி எண் மூன்றையும் மெசேஜ் அனுப்பிவிட்டுக் கிளம்புங்க. பவர் பேங்க் மறக்காதீங்க.

பையில் என்ன?

பிடிப்பு உள்ள ஷூ (ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம்), தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கடலை மிட்டாய், தொப்பி, மழைக்கோட்டு, சிறிய டார்ச், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, மழைக்காலத்தில் அட்டைக்குக் கொஞ்சம் உப்பு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் நீலகிரியில் தடை. தண்ணீர் பாட்டில் கூடச் சோதனைச்சாவடியில் வாங்கிவைப்பார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கோங்க. புதுச்சேரியில் வாங்கிய மது பாட்டிலை எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குக் கொண்டு போவது சட்டப்படி குற்றம், வண்டியும் பறிமுதலாகலாம்.

அடிக்கடி வரும் கேள்விகள்

கேள்வி: யூடியூபில் ஒரு மறைவான அருவி பார்த்தோம். லொகேஷனும் இருக்கு. போலாமா?

பதில்: லொகேஷன் இருப்பதும் அனுமதி இருப்பதும் வேறு வேறு. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயம் என்றால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேரும். அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்க.

கேள்வி: யானை எதிரில் வந்தால்?

பதில்: செல்ஃபி, ஃபிளாஷ், சத்தம் எதுவும் கூடாது. வழிகாட்டி சொல்வதை அப்படியே கேட்டு, மெதுவாகப் பின்வாங்குங்க. சென்ட் அடித்துக்கொண்டு போவதையும் தவிருங்க. பாறை இடுக்குகளில் தேனீக்கூடு இருக்கும்.

கேள்வி: டிரோன் எடுத்துட்டுப் போலாமா?

பதில்: வனப்பகுதியில் முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

கேள்வி: குழுவில் ஒருத்தருக்குப் பாதியில் முடியலைன்னா?

பதில்: அவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மேலே போவதுதான் மிகப் பெரிய தவறு. குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் குழுவின் வேகம். அவரால் முடியாவிட்டால் ஒருவராவது கூட இருந்து, வழிகாட்டியோடு கீழே இறங்கணும்.

கேள்வி: பாட்டியைக் கூட்டிட்டுப் போகலாமா, வேண்டாமா?

பதில்: அவங்க டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவங்களுக்கு ஏற்ற இடத்தை முதலில் தேர்வு செய்யுங்க. செஞ்சிக் கல்யாண மகால் நிழலில் பாட்டி உட்கார்ந்திருக்கட்டும். பேரப்பிள்ளைகள் ராஜகிரி ஏறி வரட்டும். இறங்கி வந்ததும் மேலே பார்த்ததை எல்லாம் அவங்ககிட்டதான் முதலில் சொல்லுவாங்க.

அடுத்த லீவுக்கு இன்னும் நாள் இருக்கு. இன்று சாயங்காலமே கடற்கரைச் சாலையில் முதல் சுற்றை ஆரம்பிங்க.